ஜன்னலோரத் தொட்டியில் சாக்ஸிஃப்ரேஜ்: முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு

இந்தச் செடியை முதலில் பார்க்கும்போது நம்மவர்கள் எல்லோருக்கும் வல்லாரைதான் ஞாபகம் வரும். அதே வட்ட இலை, ஓரத்தில் அதே பல்வரிசை, மண்ணிலிருந்து நேராகக் கிளம்பும் அதே நீளக் காம்பு. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: நரம்புகளை ஒட்டி வெள்ளியைக் கரைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும், இலை முழுக்க மெல்லிய முடி, திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பீட்ரூட் சாற்றில் தோய்த்தெடுத்த நிறம். தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் சிவப்பு நூல் போலக் கொடிகள் இறங்கும், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு குட்டிச் செடி, அம்மாவை அப்படியே சின்னதாக்கி வைத்தது போல, காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

நான் லண்டனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். தோட்டம் கிடையாது, சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது, பெரும்பாலும் அதுதான் எனக்கு வாய்த்த நிலம். அதில் ஒன்பது வருடமாக இதை வளர்க்கிறேன், நடுவில் இரண்டு முறை பறிகொடுத்தும் இருக்கிறேன். இணையத்தில் பார்த்தால் "மிதமான வெளிச்சம், மிதமான தண்ணீர்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த 'மிதம்' எவ்வளவு என்பதுதான் புதிதாக வாங்கியவர்களுக்குத் தெரியாத விஷயம், அதனால் அதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கையில் இருப்பது எந்தச் செடி?

சாக்ஸிஃப்ரேஜ் என்பது ஒரே செடியின் பெயர் கிடையாது, அது 400-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரு பெரிய குடும்பத்துக் கூட்டம். பெரும்பாலானவை ஆல்ப்ஸ், இமயமலை, ஆர்க்டிக் பக்கத்துப் பாறை இடுக்குகளில் வாழ்பவை. வசந்த காலத்தில் இங்கே கடைகளில் சின்னச் சின்னத் தொட்டிகளில், பாசி பிடித்த மெத்தை மாதிரி, மேலே ரோஸும் வெள்ளையுமாகப் பூத்து வரும் பாருங்கள், அதுவும் சாக்ஸிஃப்ரேஜ்தான். ஆனால் அது வெளியில், குளிரிலும் காற்றிலும் இருக்க வேண்டியது. அழகாக இருக்கிறதே என்று அதை வரவேற்பறை மேசையில் வைத்தால் சில வாரங்களில் நடுவில் பழுப்பு விழுந்து போய்விடும், நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சரி. லண்டன் பிரைட் என்று இந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் இன்னொன்றும் அப்படியே, வெளியில் சுவரோரம் நட வேண்டிய செடி.

வீட்டுக்குள் வளர்க்க ஏற்றது சாக்ஸிஃப்ராகா ஸ்டோலோனிஃபெரா. பழைய புத்தகங்களில் சார்மென்டோசா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒன்றைப் பற்றித்தான். கடையில் இதை ஸ்ட்ராபெரி பிகோனியா என்றோ ஸ்ட்ராபெரி ஜெரேனியம் என்றோ எழுதி வைத்திருப்பார்கள். ஸ்ட்ராபெரிக்கும் இதற்கும் உறவில்லை, பிகோனியாவுக்கும் ஜெரேனியத்துக்கும் இல்லை. கொடி விடுவதில் ஸ்ட்ராபெரி மாதிரி, இலையில் மற்ற இரண்டின் சாயல், அதை வைத்து வந்த பெயர்.

கவனிக்க வேண்டிய பெயர் இன்னொன்று இருக்கிறது: மதர் ஆஃப் தௌசண்ட்ஸ், அதாவது ஆயிரம் பிள்ளைக்காரி. இதே பெயரில் கலாஞ்சோ வகைச் செடி ஒன்றும் விற்கிறார்கள். நம் ஊரில் ரணகள்ளியைக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்போமே, அதன் நெருங்கிய சொந்தம் அது. இலை தடித்து, சதைப்பற்றோடு, இலை ஓரத்திலேயே வரிசையாகக் குட்டிகள் முளைத்திருக்கும். அது பூனை, நாய்க்கு விஷம். நம் சாக்ஸிஃப்ரேஜால் அந்த ஆபத்து இல்லை. வீட்டில் பூனை இருந்தால் பெயர்ச் சீட்டை நம்பாமல் இலையைப் பாருங்கள்: இலை மெல்லியதாக, முடியோடு இருந்து, குட்டிகள் நூல் நுனியில் தொங்கினால் சரியான செடி.

இலையில் வெள்ளையும் ரோஸும் கலந்த 'ட்ரைகலர்' வகையும் கிடைக்கும். பார்க்க ரொம்ப அழகு, ஆனால் மெதுவாக வளரும், கூடுதல் வெளிச்சம் கேட்கும், குளிர் தாங்காது. முதல் செடியாக அதை வாங்க வேண்டாம். சாதாரண பச்சையை ஒரு வருடம் வளர்த்துக் கை பழகியபின் அதற்குப் போங்கள்.

வாங்கும்போது

தொட்டியைக் கையில் எடுத்து, இலைகளை விரலால் மெதுவாக ஒதுக்கி, எல்லாக் காம்புகளும் சேரும் நடுக்குருத்தைப் பாருங்கள். அது கெட்டியாக, பச்சையாக இருக்க வேண்டும். கறுத்தோ சொதசொதவென்றோ இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இலை ஓரத்தில் யாரோ டிக்கெட் பஞ்ச் செய்த மாதிரி அரைவட்டக் கடிகள் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. இரண்டு மூன்று கொடியாவது இறங்கியிருக்கும் செடி நல்லது, ஏனென்றால் தாய்ச்செடிக்கு என்ன ஆனாலும் குட்டி மிஞ்சும்.

எங்கே வைப்பது

இந்தச் செடியின் சொந்த ஊர் சீனாவும் ஜப்பானும் கொரியாவும். அங்கே ஓடைக்கரைப் பாறைகளிலும் நிழலான கல்சுவர்களிலும் ஒட்டிக்கொண்டு வளரும். ஜப்பானியர்கள் இதை யுகினோஷிதா என்கிறார்கள், 'பனிக்கு அடியில்' என்று அர்த்தம். சீனத்தில் 'புலிக்காதுப் புல்'. முடியடர்ந்த வட்ட இலையைத் தடவிப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் உடனே புரியும்.

ஓடைக்கரைப் பாறை என்றால் நமக்குத் தெரிந்த இடமாகச் சொல்கிறேன்: கிணற்றடி. உச்சி வெயில் படாது, ஆனால் இருட்டும் இல்லை, வானம் தெரியும். எப்போதும் ஒரு ஈரம் இருக்கும், ஆனால் தண்ணீர் தேங்காது, கல் இடுக்கில் ஓடிவிடும். தரை குளுகுளுவென்று இருக்கும். வீட்டுக்குள் அந்தக் கிணற்றடியை எங்கே உருவாக்கலாம் என்பதுதான் கேள்வி. இது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

இங்கிலாந்து, கனடா மாதிரி ஊர்களில் கிழக்கு ஜன்னல் முதல் தேர்வு, வடக்கு ஜன்னல் அடுத்தது. காலை வெயில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பட்டால் ஒன்றும் ஆகாது, சொல்லப்போனால் அந்த வெயிலில்தான் இலையின் அடிச்சிவப்பு நன்றாக ஏறும். தெற்கு, மேற்கு ஜன்னல்தான் உண்டு என்றால் மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் வையுங்கள், இல்லையென்றால் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஜூலை மதிய வெயில் கண்ணாடி வழியாக இலை மேல் விழுந்தால் இரண்டே நாளில் காகிதம் கருகின மாதிரி பழுப்புத் திட்டு வரும், அந்த இலை திரும்பத் தேறாது.

குளிர்காலக் கதை வேறு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை லண்டனில் வெளிச்சம் என்பதே பேருக்குத்தான், அப்போது வடக்கு ஜன்னல் போதாது. நான் அந்த நாலு மாதம் செடிகளைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றிவிடுவேன். வெளிச்சம் குறைந்ததைச் செடி தெளிவாகவே சொல்லும்: காம்புகள் நீண்டு துவளும், புது இலைகள் சின்னதாக வரும், வெள்ளி நரம்பு மங்கும். அந்த மூன்றில் இரண்டைப் பார்த்தால் இடத்தை மாற்றுங்கள், உரம் போடாதீர்கள்.

அப்புறம் சூடு. இது குளிர்ச்சியை விரும்பும் செடி, 10 முதல் 20 டிகிரி வரை சந்தோஷமாக இருக்கும், 25-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். இந்த ஊர்களில் குளிர் இதைக் கொல்வது அபூர்வம், பச்சை வகை பனியையே தாங்கும், இங்கே ஒதுக்குப்புறமான இடங்களில் வெளியிலேயே குளிர்காலத்தைத் தாண்டிவிடுகிறது. ஆபத்து ஜன்னலுக்குக் கீழே இருக்கிற ஹீட்டரில் இருக்கிறது. ஜன்னல் விளிம்பில் தொட்டி, அதற்கு நேர் கீழே கொதிக்கும் ரேடியேட்டர், அந்த வறண்ட சூடு மேலே வந்து இலை ஓரங்களைச் சுருட்டிவிடும். கதகதப்பான முன்னறையை விட ஹீட்டர் அதிகம் போடாத படுக்கையறை, மாடிப்படி ஜன்னல், வெளிச்சமுள்ள குளியலறை எல்லாம் இதற்கு மேலான இடங்கள்.

தொட்டியும் மண்ணும்

வேர் மெல்லியது, நார் நாராக மேலாகவே பரவும், ஆழமாகப் போகாது. அதனால் அகலமான, ஆழம் குறைந்த தொட்டி. ஒரு செடிக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் வாய் போதும். "வளரத்தானே போகிறது" என்று பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண் எல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புளித்துப்போகும், அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அடியில் துளை கட்டாயம். அழகான பீங்கான் கிண்ணத்தில் வைக்க ஆசை என்றால் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைக் கிண்ணத்துக்குள் இறக்கி வையுங்கள்.

மண்கலவை சுலபம்: கடையில் விற்கும் சாதாரணத் தொட்டி மண் இரண்டு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் கழுவிய பொடிக்கல் அல்லது பருமணல். தேங்காய் நார்க்கழிவு சேர்த்த மண் என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், உள்ளே நல்ல ஈரம் இருக்கும், பார்வை ஏமாற்றிவிடும். நடும்போது நடுக்குருத்து மண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும். குருத்தைச் சுற்றி மண் மேடு கட்டக் கூடாது.

தண்ணீர்

என் முதல் செடி போனது இதில்தான். நவம்பர் மாதம், ஊரிலிருந்து வந்த பழக்கத்தில் தினமும் காலையில் ஒரு குவளை ஊற்றிக்கொண்டிருந்தேன். இலை தொங்கியது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ஒரு வாரத்தில் ஒரு காம்பைத் தொட்டால் அடியோடு கையில் வந்துவிட்டது, அடிப்பகுதி கறுத்து, கொழகொழவென்று, லேசான துர்நாற்றத்தோடு. தண்ணீர் அதிகமானாலும் இலை தொங்கும், குறைந்தாலும் தொங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் ஒரு நல்ல செடி போய்விட்டது, இன்றைக்கும் அது மனசில் இருக்கிறது.

அதனால் இலையைப் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து விடுங்கள். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர், தொட்டி ஓரமாக மண்ணில் நுழையுங்கள். குளிர்ச்சியாக, விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் விடலாம். இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் விட்டவுடனே ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்குங்கள். மூன்று நான்கு தடவைக்குள் கை தானே சொல்லிவிடும், சமையலில் உப்பைக் கையாலேயே அளக்கிற மாதிரிதான். கோடையில் எனக்கு நாலைந்து நாளைக்கு ஒரு தரம் வரும், குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாகத்தான் இருக்கும், என் நாள் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம், விரலை நம்புங்கள்.

விடும் விதமும் முக்கியம். இலையெல்லாம் முடி என்று சொன்னேன் இல்லையா, அந்த முடியில் தண்ணீர் முத்து முத்தாக உட்கார்ந்துகொள்ளும், போகாது. நடுக்குருத்தில் தேங்கினால் ஓரிரு நாளில் பூஞ்சை சாம்பல் நிறத்தில் கிளம்பும். எனவே மேலே ஊற்றாமல் அடியிலிருந்து குடிக்க விடுங்கள்: ஒரு தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்து, தொட்டியை அதில் இருபது நிமிடம், அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மேல்மண் நிறம் மாறி ஈரம் தெரிந்ததும் எடுத்து, வடிய விட்டு, தட்டில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். தட்டில் தண்ணீரோடு இரவெல்லாம் விட்டுவிடக் கூடாது. ஆறேழு தடவைக்கு ஒருமுறை மட்டும் மேலாக, இலையில் படாமல், மண்ணில் நிறைய ஊற்றி அடியில் ஓட விடுங்கள், மண்ணில் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில் படிகிறதே அதேதான். என் செடிகள் அதைக் குடித்தே நன்றாக இருக்கின்றன, இலையில் சொட்டினால் வெள்ளைப் புள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

தொங்கும் செடியைப் பிரித்தறிய: மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்து, காம்பு மெலிந்து துவண்டிருந்தால் தாகம். தட்டில் அரை மணி நேரம் வையுங்கள், மாலைக்குள் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், காம்பின் அடி நிறம் மாறியிருந்தால், அழுகல். உடனே தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்த வேரையும் காம்பையும் கத்தரியால் நறுக்கி, புது மண்ணில் சின்னத் தொட்டியில் வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி பிழைக்கும். அதை நம்பிச் சும்மா இருக்காமல், நல்ல நிலையில் தொங்கும் குட்டிகளை அன்றைக்கே வெட்டி நட்டுவிடுங்கள்.

உரம்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை மாதம் ஒருமுறை, வீட்டுச் செடிகளுக்கான திரவ உரத்தைப் பாட்டிலில் சொன்னதில் பாதி அளவு கலந்து கொடுங்கள். குளிர்காலத்தில் வேண்டாம். பாறை இடுக்கில் பிழைக்கும் செடிக்கு விருந்து வைத்தால் இலை பெரிதாகித் தொளதொளவென்று ஆகும், பூச்சியும் அதைத்தான் தேடி வரும்.

பதியன் போடுவது

இந்தச் செடியை வளர்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், ஒரு தடவை செய்துவிட்டால் உங்களுக்கும் பிடித்துவிடும். நம் வீடுகளில் மல்லிகைக்கும் முல்லைக்கும் போடுவோமே, அதே பதியன், அதை விடச் சுலபம்.

கோடைத் தொடக்கத்தில் தாயின் அடியிலிருந்து சிவப்பு நூல்கள் புறப்படும். முதலில் நுனியில் மிளகு அளவு ஒரு மொட்டு மாதிரித்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அது விரிந்து நாலு இலைக் குட்டியாகும். குட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், காம்பெல்லாம் சேரும் இடத்தில் சின்னச் சின்ன வெளிறிய முனைகள் துருத்திக்கொண்டிருக்கும், ஊசி முனை அளவுதான். அவைதான் வேர்கள், மண் எப்போது கிடைக்கும் என்று காத்திருப்பவை. அந்த முனைகள் தெரிந்தால் குட்டி தயார்.

ஒரு சின்னத் தொட்டியிலோ, அடியில் துளை போட்ட தயிர்க் கப்பிலோ அதே மண்கலவையை நிரப்பி, ஈரப்படுத்தி, தாய்த்தொட்டியின் பக்கத்தில் வையுங்கள். நூலை வெட்டாமல் குட்டியை அப்படியே மண் மேல் உட்கார வைத்து, ஹேர்பின்னை விரித்து நூலின் மேல் கவிழ்த்துக் குத்துங்கள். ஆட்டம் இல்லாமல் மண்ணோடு ஒட்டியிருந்தால் போதும், புதைக்க வேண்டாம். அந்தக் கப்பின் மண் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து குட்டியின் ஓர் இலையைப் பிடித்து மிக மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள், எதிர்த்துப் பிடித்தால் வேர் ஊன்றிவிட்டது. நடுவில் புது இலை ஒன்று வந்திருந்தால் இழுத்தே பார்க்க வேண்டாம், அதுவே அத்தாட்சி. அப்புறம் நூலைக் கத்தரிக்கலாம். அதுவரை அந்த நூல் வழியாகத் தாயிடமிருந்துதான் தண்ணீரும் சாப்பாடும் போய்க்கொண்டிருக்கும், அவசரப்பட வேண்டாம்.

தாய்ச்செடி ஆபத்தில் இருந்தாலோ, யாராவது குட்டியை மட்டும் வெட்டிக் கொடுத்தாலோ, நேராக ஈர மண்ணில் வைத்து, மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, தினமும் ஒரு தடவை திறந்து காற்றாட விடுங்கள். பத்து நாள், இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தாய்ச்செடி என்றென்றைக்கும் இருக்காது. என் அனுபவத்தில் மூன்று, நான்கு வருடத்துக்குப் பிறகு நடு வெறிச்சோடி, காம்புகள் உயர்ந்து, இலை சிறுத்துவிடும். நன்றாகப் பூத்த செடி பெரும்பாலும் அடுத்த வருடம் களைத்துப் போகிறது. அப்போது புதுக்குட்டி இல்லையென்றால் வம்சமே போச்சு. வருடம் இரண்டு குட்டியாவது பதியன் போட்டு வையுங்கள், அடுத்த தலைமுறை எப்போதும் தயாராக இருக்கட்டும். "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறார்களே, அருகம்புல்லும் இப்படி ஓடி ஓடி வேரூன்றித்தான் நிலைக்கிறது.

எல்லா நூலையும் வைத்திருக்கத் தேவையில்லை. ஐந்தாறு விட்டுவிட்டு மற்றதை வெட்டினால் தாய்க்குத் தெம்பு மிஞ்சும். தொங்கவிட்ட கூடையில் வளர்ப்பவர்கள் அழகுக்காக எல்லாவற்றையும் விடலாம், ஆனால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும்.

பூ

இங்கே மே, ஜூனில் வரும். இலைகளுக்கு மேலே 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய தண்டு எழும்பி, கிளைத்து, இருபது முப்பது பூ. ஒரு பூவை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஐந்து இதழ், அதில் மேல் மூன்றும் பொட்டு அளவு, வெளிறிய ரோஸில் அடர் ரோஸ் புள்ளிகளும் அடியில் மஞ்சளும். கீழ் இரண்டும் வெள்ளை வெளேரென்று, நீளமாக, பட்டுப்பூச்சி கால் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. ஒவ்வொரு பூவிலும் அந்த இரண்டின் நீளமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எனக்கு அந்தக் கோணல்தான் அழகு.

பூ வேண்டுமென்றால் குளிர்காலத்தில் செடி கொஞ்சம் குளிரில் இருக்க வேண்டும், வருடம் முழுக்க 22 டிகிரியில் வைத்த என் செடி பூக்கவில்லை, குளிர்ந்த அறைக்கு மாற்றிய அடுத்த வருடமே பூத்தது. பூத்து முடிந்ததும் தண்டை அடியில் வெட்டிவிடுங்கள்.

பூச்சிகள்

அசுவினி பூந்தண்டில் வரும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். மாவுப்பூச்சி காம்பிடுக்கில் பஞ்சு மாதிரி இருக்கும், ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒற்றி எடுங்கள், வாரம் ஒரு தடவை வீதம் ஒரு மாதம் தொடர வேண்டும். இலையடியில் மெல்லிய சிலந்தி நூலும் மேலே வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி, சூடான வறண்ட அறையின் அடையாளம், இடத்தை மாற்றுங்கள்.

பயப்பட வேண்டியது வைன் வீவில் என்கிற வண்டுக்குத்தான். என் இரண்டாவது செடியை இது முடித்தது. கறுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வண்டு, பறக்காது, ராத்திரியில் ஏறி இலை ஓரத்தை அரைவட்டமாகக் கடிக்கும். கடி பெரிய பிரச்சினை இல்லை. எல்லாமே பெண் வண்டு, ஆண் இல்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும், அதிலிருந்து வரும் புழு மண்ணுக்குள் உட்கார்ந்து வேரைத் தின்னும். சாக்ஸிஃப்ரேஜ் அதற்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு. வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் செடி வாடும், தண்ணீர் விட்டாலும் நிமிராது, இலையைப் பிடித்துத் தூக்கினால் செடி வேரே இல்லாமல் மூடி மாதிரி கழன்று வரும். மண்ணைக் கொட்டிப் பார்த்தேன், தயிர் நிறத்தில், பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்ட புழு பதினொன்று இருந்தது. கோடையில் பால்கனியில் வைத்துவிட்டு செப்டம்பரில் உள்ளே எடுத்து வந்த தொட்டி அது.

வெளியில் வைத்த தொட்டி, கடையில் புதிதாக வாங்கிய தொட்டி, இரண்டையும் ஒரு தடவை கவிழ்த்து வேர்க்கட்டியைப் பார்த்துவிட்டே உள்ளே சேருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நெமடோடு என்கிற நுண்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றும் வழி இருக்கிறது, அவை புழுவைத் தேடிப்போய் அழிக்கும், வீட்டுக்குள் மருந்து அடிக்க வேண்டியதில்லை. மண் 5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். வேர் போன செடியும் பிழைக்கும்: மண்ணை முழுக்க உதறி, கழுவி, மேலே சொன்ன டப்பா வழியில் குட்டியை நடுவது மாதிரி நட்டுவிடுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் மேலே சொன்னதையே செய்யலாம், ஹீட்டர் தொல்லையும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் கூரைக்கு அடியில் வையுங்கள். சென்னை, மதுரை, யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது அந்த ஊர்களுக்கான செடி இல்லை. 35 டிகிரியில் ஒரு மாதம் தாண்டாது. ஏசி அறையில் வைத்தாலும் பகலில் ஏசியை நிறுத்தும்போது செடி திணறும். தொங்கும் வட்ட இலை அழகுதான் வேண்டும் என்றால் ஒரு வல்லாரையைத் தொங்குதொட்டியில் வளருங்கள், அதுவும் கொடி விடும், துவையலும் ஆகும்.

சாப்பாடு என்றதும் ஒன்று. கற்பூரவல்லி இலையில் நாம் பஜ்ஜி போடுகிற மாதிரி, ஜப்பானில் இந்த இலையை மெல்லிய மாவில் தோய்த்து டெம்புராவாகப் பொரிக்கிறார்கள். கேட்டதும் ஆசை வரும், ஆனால் அழகுச் செடியாகக் கடையில் விற்பதற்கு என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது, அதனால் வாங்கிய செடியின் இலையைச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குட்டியைக் கொடுத்தனுப்ப

இரண்டாவது கோடையில் உங்களிடம் குட்டிகள் மிஞ்சும். வேரூன்றிய குட்டியைக் கொடுப்பதென்றால் முதல் நாள் தண்ணீர் விட்டு விடுங்கள், அன்றைக்கு விட்டால் பையெல்லாம் சேறாகும். காகித டீக் கப்பில், கப் மட்டத்துக்கு இலை வருகிற மாதிரி இறக்கி, மேலே இன்னொரு கப்பைக் கவிழ்த்து டேப் ஒட்டினால் ரயிலில் இரண்டு மணி நேரம் கொண்டுபோனாலும் ஓர் இலை மடங்காது. மேல் கப்பில் நாலு துளை போடுங்கள். வாங்குபவரிடம் மறக்காமல் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: முதல் வாரம் இலை கொஞ்சம் தொங்கும், இடம் மாறியதால்தான், விரலை மண்ணில் வைத்துப் பார்க்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.